எஞ்சின் நின்ற பிறகும் எரிந்த விளக்கு

மணி ஏழு பத்து. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும், அதனால் ஏழு ஐந்து என்றும் வைத்துக்கொள்ளலாம். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, சட்னிக்குத் தாளிக்க எண்ணெயில் கடுகைப் போட்டேன். அப்போது பக்கத்து வீட்டு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். என் கணவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். நான் அவரைத் தம்பி என்பேன். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். குளிக்காமல் உள்ளே போகக் கூடாது என்பதால், வாசலில் நின்றபடியே வெந்நீர் போடச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இல்லை அது. குளிக்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று பேசிய பேச்சு.

"வர்ற வழியில பள்ளத்துல ஒரு பைக்கு கெடக்கு. ஆளக் காணோம். லைட்டு மட்டும் எரியுது பாரு, பனைமரத்துக் கொண்டை வரைக்கும் வெளிச்சம்! பஸ்ஸ நிப்பாட்டிக் கண்டக்டர் கொரல் குடுத்துப் பாத்தாரு. ஈ காக்கா இல்ல."

கடுகு வெடித்து முடித்துக் கருகிக்கொண்டிருந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

என் மகன் வீடு திரும்பும் நேரம் அது இல்லை. எட்டு, எட்டரை ஆகும். இன்னும் தாமதமாகவில்லை, கவலைப்பட ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் கருகும் கடுகை இறக்கத் தோன்றவில்லை. எங்களுக்கு அவன் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டிகிரி முடித்துவிட்டு ஒரு விதை கம்பெனியில் சேர்ந்திருந்தான். பருத்தி விதை, சோள விதை. அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, பந்தல்குடி, எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி என்று கிராமம் கிராமமாகப் போய் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளைப் பார்க்க வேண்டும். பகலில் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, மாட்டைக் கட்டி, மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்து உட்காரும் நேரம்தான் அவனுக்கு ஆபீஸ் நேரம். ஆகவே தினமும் இருட்டில்தான் திரும்புவான். என் தம்பி விற்கப் பார்த்த பழைய பைக்கை வாங்கிக் கொடுத்திருந்தோம். அதன் விளக்கு, எஞ்சின் வேகத்துக்குத் தக்கபடி எரியும் விளக்கு. ஓட்டினால் வெளிச்சம். ஆள் மெதுவாகப் போனால் அதுவும் சோர்ந்து மஞ்சளாகிவிடும்.

அந்தச் சாலைகளை இருட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர் வரும்வரை விளக்கே கிடையாது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் சாலையே களமாகிவிடும். குதிரைவாலியையும் சோளத்தையும் தாரில் விரித்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி ஏறிக் கதிரை உதிர்த்துக் கொடுக்கும். வண்டிகள் ஒதுங்கிப் போகட்டும் என்று சுற்றிலும் பெரிய பெரிய கற்களை வைப்பார்கள். பொழுது சாயும்போது தானியத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிடுவார்கள். காலையில் மறுபடி வேண்டுமே என்கிற எண்ணம்தான்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அப்படி ஒரு கல்லில் மோதித்தான் என் மகன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். பேண்ட் கிழிந்திருந்தது. "கல்லு தெரியலம்மா. லைட்டு இருக்கே, அது சாமி மாடத்து வெளக்கு மாதிரி" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், வேறு பல்பு போட வேண்டும்.

என் கணவருக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புக் கடை வைத்திருப்பவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"இருக்குற வெளிச்சத்துக்குத் தக்கன ஓட்டச் சொல்லு. வெளிச்சத்தக் கூட்டுனா இவன் வேகத்தக் கூட்டுவான். பெறகு என்ன லாபம்?"

"கல்லு வெளிச்சத்துக்குத் தக்கன தள்ளிப் போகுமா?" என்றேன்.

"பேச்சுக்குப் பேச்சு வச்சிருக்கா பாரு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பஜாரில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நானும் மகனும் போனோம். பொம்பளைகள் படியேறும் கடை இல்லை அது. கிரீஸ் வாடை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. கடைக்காரர் மூன்று பல்புகளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். மேசைக்குக் கீழே ஒரு பேட்டரி இருந்தது. அதிலிருந்து வந்த இரண்டு வயர்களைப் பல்பின் அடியில் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

முதலாவது, வண்டியில் இருந்ததைப் போன்றதே, புதியது. இரண்டாவது கொஞ்சம் கூடுதல், மஞ்சள் பூச்சுப் பூசியது. மூன்றாவதைத் தொட்டதும் கடை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மேலே அடுக்கியிருந்த செயின் பெட்டிகளின் தூசிகூடத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பல்ப நேராப் பாக்காதம்மா" என்றான் மகன். அதற்குள் எனக்குக் கண்ணில் பச்சைப் பச்சையாக வட்டங்கள்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, மகனுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. நடக்கச் சொல்லவா, பாடச் சொல்லவா?"

ஸ்டூலில் இருந்து எழுந்தவர்கள் சிரித்தார்கள். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த மஞ்சளே போதும்ணே" என்றான்.

"எது ரொம்பத் தூரம் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"தூரம்னா இந்த வெள்ளைதான். ஆனா ஒண்ணுக்கா. உங்க வண்டில லைட்டுக்குக் கரண்ட் குடுக்குற காயில் இதத் தாங்காது. முறுக்கி ஓட்டுனா எரியும். மெதுவாப் போனா சுருங்கிரும். ஹாரனுக்கு இருக்குற பேட்டரியில இருந்து தனியா ஒரு வயரு இழுத்துக் குடுத்துட்டம்னா பிரச்சினையே இல்ல. வண்டி நின்னாலும் நின்னு எரியும்."

"வண்டி ஆஃப் ஆனாலுமா?"

"ஆஃப் ஆனாலும். சாவியத் திருகி எடுக்குற வரைக்கும்."

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். நடுவழியில் எஞ்சின் நின்றுபோய், கருவேலங்காட்டுக்கு நடுவில், கண் தெரியாத இருட்டில் அவன் நிற்பதைத்தான் நான் தினமும் கற்பனை செய்துகொண்டிருந்தேன். இனி நின்றாலும் வெளிச்சம் இருக்கும். "இதையே போடுங்க" என்றேன். அவன் மறுபடி மஞ்சளைப் பார்த்தான். பிறகு வண்டியைத் தள்ளிவரப் போனான்.

அன்று மாலை தெருமுனையில் போய் நின்றேன், அவன் வருவதைப் பார்க்க. பஜார் பக்கத்திலிருந்து திரும்பியதும் தெருவே வெளுத்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்களைப் படிக்க முடிந்தது. படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டுத் தம்பி கண்ணுக்குக் கையைக் குடை பிடித்துக்கொண்டு, "என்ன மதினி, தேரு கீரு வருதோன்னு பாத்தேன். இவன்தானா?" என்றார்.

"தேருதான். கும்பிட்டுக்குங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பல்பு மாற்றியதைக் கணவரிடம் சொன்னேன். வயர் இழுத்ததைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அதைச் சொன்னால் பேட்டரி போய்விடும், காயில் போய்விடும் என்று இன்னொரு பேச்சு வளரும். அதனால் விட்டுவிட்டேன். அந்த வாரம் எட்டு மணி ஆனாலும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்காமல் இருந்தேன்.

அடுத்த வாரம்தான் இது.

அன்று என் கணவர் காய்ச்சல் என்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு இப்ப முகத்த இப்பிடி வச்சிருக்க? அது நம்ம வண்டி இல்ல."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"நம்ம வண்டில எஞ்சின் நின்னா லைட்டு அமந்துரும். பள்ளத்துல கெடக்குற வண்டில லைட்டு எரியுதுன்னா அது பேட்டரில எரியுற வண்டி. யாராச்சும் பெரிய வண்டிக்காரனா இருக்கும். பாவம். நீ போய் தோசையச் சுடு."

அவர் சொன்ன கணக்கு சரிதான். காய்ச்சலிலும் எவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் கொஞ்ச நேரம் அவரிடம் விட்டு வைத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது முடியவில்லை.

"நம்ம வண்டி லைட்டும் எரியும்" என்றேன். "பேட்டரில இருந்து வயரு குடுத்திருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்தார். போர்வை கீழே விழுந்தது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டுவிட்டார். அதைக் கழற்றி மறுபடி போடவும் இல்லை.

நான் வாசலுக்குப் போய், "தம்பி" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் அவர் துண்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"அய்யய்யோ மதினி, நான் சும்மா பேசிக்கிட்டு இருந்தேன். ஊருல எத்தன பைக்கு ஓடுது..."

"அந்த லைட்டு மஞ்சளா, வெள்ளையா தம்பி?"

அவர் தெருமுனையைப் பார்த்தார். போன வாரம் இதே தெருவில் கண்ணுக்குக் கை பிடித்தவர் அவர்.

"சொல்லுங்க தம்பி."

"வெள்ளைதான் மதினி" என்றார். பிறகு, "இருங்க, காரு புடிச்சிட்டு வாரேன்" என்று துண்டோடு ஓடினார்.

ஸ்டாண்டிலிருந்து அம்பாசடர் வந்தது. இடம் காட்ட வேண்டும் என்று முன்சீட்டில் ஏறப் போன தம்பி நின்று, "நான் இன்னும் குளிக்கல. தீட்டோட வாரேன். பரவாயில்லையா மதினி?" என்றார். ஏறுங்கள் என்று அவர் கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அவர் மனைவி வாசலில் நின்று, எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கதவைச் சாத்தினோமா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் இருட்டு. எதிரே தூரத்தில் ஒற்றை விளக்கு ஒன்று வரும். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். கிட்டே வந்தால் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு யாரோ. அடுத்தது டைனமோ வைத்த சைக்கிள். அடுத்ததும் யாரோ. ஒவ்வொருவரும் என் மகன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். என் கணவர் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சலா, பயமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

உள்ளூருக்குப் பிரியும் ஒரு விலக்கு ரோட்டில் நாலைந்து பேர் தார் ரோட்டுக்கே வந்து கை காட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்து ஒதுக்கினார்.

"என்னப்பா இது, மேல வந்து விழுறாக?" என்றார் என் கணவர்.

"கடைசி பஸ்ஸு போயிருச்சுல்ல. இனி லோடு லாரி வந்தா மறிச்சு ஏறுனாத்தான் வீடு. காருன்னு தெரிஞ்சதும் வெலகிருவாக அண்ணாச்சி" என்றார் தம்பி.

எம்.ரெட்டியபட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், முன்சீட்டில் இருந்த தம்பி பேச்சை நிறுத்தினார். அவர் அதுவரை எதையெதையோ பேசிக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். வலது பக்கம், ஒரு பனைமரத்தின் தலை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதன் கீழே இருட்டு. மரம் அந்தரத்தில் தொங்குவது போல.

கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டேன். காலை வைத்ததும் வழுக்கியது. தார் முழுக்கக் கதிரோடு அறுத்த குதிரைவாலித் தட்டையும் உதிர்ந்த மணியுமாகக் கிடந்தது. பாதி கூட்டிக் குவித்து, பாதி அப்படியே விட்டிருந்தார்கள். விளக்குமாறு ஒன்று நடுவில் கிடந்தது. சுற்றி வைத்த கற்களில் இரண்டு உருண்டு விலகியிருந்தன.

பள்ளத்தில் வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. எங்கள் வண்டிதான். பஸ்ஸில் வந்தவர் பார்த்த வெள்ளை இப்போது இல்லை. விளக்கு மஞ்சளாகி, இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவனுடைய பை. விதைப் பாக்கெட்டுகள் சிதறியிருந்தன. ஒற்றைச் செருப்பு.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல் இருந்தது. கருவேலங்காட்டுக்குள் டிரைவரிடம் வாங்கிய டார்ச்சை அடித்துக்கொண்டு என் கணவர் நடந்தார். முள் கிழிப்பதை அவர் கவனிக்கவில்லை. தம்பி பள்ளத்தில் இறங்கி மண்ணைத் தடவிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ரத்தம் இல்ல மதினி. பாருங்க, நல்லாப் பாத்துட்டேன். இல்ல."

"எந்திரிச்சு நடந்திருப்பான்" என்றார் என் கணவர், காட்டுக்குள் இருந்தபடியே. "விழுந்தவன் இங்கனதான கெடப்பான்? இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருக்கான்." அவர் மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் குரல் அதை நம்பவில்லை.

டிரைவர் சாவியைத் திருகி விளக்கை அணைக்கக் குனிந்தார். "அமத்தாதீங்க" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உருண்டு கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

ஊர் இருக்கும் பக்கம் வண்டிப்பாதை ஒன்று பிரிந்து போனது. அதில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. வெறுங்கால் சத்தம்.

"போயிராதீங்க! காருக்காரவுகளே, போயிராதீங்க!"

ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும். தலைமயிரெல்லாம் தட்டைத் தூசி. முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். கார் வெளிச்சத்துக்குள் வந்ததும் மூச்சு வாங்க நின்றாள். என்னைப் பார்த்தாள். என் மடியில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"நீங்க அந்தத் தம்பிக்கு வேண்டியவுகளா?"

"அவன் அம்மா" என்றேன்.

"இருக்காருமா. இருக்காரு. உசுருக்கு ஒண்ணுமில்ல. காலு ஒடிஞ்சிருச்சு. நெனவு இருக்கு, பேசுனாரு. பால் வண்டில ஏத்தித் திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு."

என் கணவர் முள்ளுக்குள்ளிருந்து வெளியே வந்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். கேட்டுவிட்டுக் காரின் மேல் சாய்ந்துகொண்டார்.

அவள் அழுதுகொண்டே, நிறுத்தாமல் சொன்னாள்.

"தட்டையக் கூட்டி அள்ளையில எங்க வீட்டுக்காரகளச் சுருட்டைப் பாம்பு கடிச்சிருச்சு. தட்டைக்குள்ள சுருண்டு கெடந்திருக்கு. பஸ்ஸையும் காணோம், ஒண்ணையும் காணோம். அப்பத்தான் அந்த வெளிச்சம் வந்துச்சு. இம்புட்டு வெளிச்சம் லாரிக்குத்தான இருக்கும்? ஒரு கண்ணு அவிஞ்ச லாரின்னு நெனச்சு நானும் எங் கொழுந்தனும் நடுரோட்டுல நின்னு மறிச்சோம். லாரின்னா தூரத்துலயே மறிச்சாத்தான நிப்பான்? கிட்ட வரவும்தான் பைக்குன்னு தெரியுது. அவரு எங்க மேல ஏத்தாம வண்டிய ஒடிச்சுத் திருப்புனாரு. கதிருல வழுக்கிப் பள்ளத்துல போயிட்டாரு. பைக்குல இம்புட்டு வெளிச்சத்தப் போட்டுக்கிட்டு வருவாகன்னு எங்களுக்கு எப்பிடிமா தெரியும்?"

அவள் என்னிடம்தான் கேட்டாள், என்னையே பார்த்துக் கேட்டாள். பிறகு முந்தானையை உருவி முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டு பேரையும் ஏத்திக் கொழுந்தனும் கூட ஏறிக்கிட்டு, பால் கேன்களுக்கு நடுவுல எடமில்லன்னு என்னய விட்டுட்டுப் போயிட்டாக. அழுத பிள்ளையத் தூங்க வச்சு, பக்கத்து வீட்டுல குடுத்துட்டு ஓடியாறேன். ஏத்தையில எங்க வீட்டுக்காரகளும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாக. இப்ப எப்பிடி இருக்காகன்னு தெரியல. எந்திரிங்கம்மா. என்னயும் கூட்டிட்டுப் போங்க."